தனி வாக்காளர், பொது வேட்பாளர்: மாவோரி வார்டுகள் குறித்து வடசென்னையின் கேள்விகள்

நியூசிலாந்தில் 2025 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மாவோரிப் பழங்குடி மக்களுக்கென இருக்கும் வார்டுகள் தொடர வேண்டுமா, வேண்டாமா என்று 42 உள்ளாட்சி மன்றங்களில் வாக்கெடுப்பும் சேர்த்து நடத்தப்பட்டது. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ‘வேண்டாம்’ என்று வாக்களித்தன. சென்ற இதழில் இதைப் பற்றி நாம் எழுதிய சிறு குறிப்புக்கு வடசென்னையிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. இட ஒதுக்கீட்டு வார்டுகளில் வாழ்ந்து பழகியவர்கள் எழுதிய கடிதங்கள் என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டோம். வழக்கம்போல் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தண்டையார்பேட்டை: மாவோரி வார்டு என்பது நமது மாநகராட்சியில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்படும் வார்டு போன்றதுதானா? ஒரே தெருவில் இரண்டு வார்டுகள் எப்படி இருக்க முடியும் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

நோக்கத்தில் இரண்டும் உறவினர்கள். அமைப்பில் ஏறத்தாழ தலைகீழானவை. நம் ஊரில் ஒதுக்கப்பட்ட வார்டில் போட்டியிடுபவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஆனால் வாக்களிப்பவர்கள் அந்த வார்டில் வாழும் எல்லாச் சாதியினரும். மாவோரி வார்டில் வாக்களிப்பவர்கள் மாவோரி வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தவர்கள் மட்டுமே. வேட்பாளரோ மாவோரியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. இங்கே வேட்பாளர் தனி, வாக்காளர் பொது. அங்கே வாக்காளர் தனி, வேட்பாளர் பொது.

அந்நாட்டில் மாவோரி வம்சாவளியினர் ஒவ்வொருவரும் பொதுப் பட்டியலில் இருப்பதா, மாவோரிப் பட்டியலில் இருப்பதா என்பதைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை வேறு பட்டியலிலும் இருக்கலாம். ஆகவே மாவோரி வார்டு என்பது பொது வார்டுகளின்மேல் விரித்த இன்னொரு வரைபடம். தாங்கள் கேட்டபடி ஒரே தெரு இரண்டிலும் அடங்கும். ஆனால் ஒருவருக்கு இரண்டு வாக்கு கிடையாது. மாவோரி வார்டில் வாக்களிப்பவர் பொது வார்டில் வாக்களிப்பதில்லை. மேயரை மட்டும் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். எத்தனை மாவோரி வார்டு உறுப்பினர் என்பதையும் அந்தப் பகுதியின் மாவோரி வாக்காளர் தொகைக்கும் மொத்தத் தொகைக்கும் உள்ள விகிதத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். பத்து உறுப்பினர் கொண்ட மன்றத்தில் அந்த விகிதம் ஐந்தில் ஒன்று என்றால் இரண்டு இடங்கள், அவ்வளவுதான். மாவோரிகளுக்குக் கூடுதல் வாக்கு கொடுத்துவிட்டார்கள் என்று அங்கே மேடைகளில் பேசப்படுவதைக் கேட்டால் இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் வார்டுகளில் ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். இன்று ஒதுக்கப்பட்ட வார்டு சில தேர்தல்கள் கழித்துப் பொது வார்டாகிவிடலாம். அங்கே அப்படிச் சுழல்வதில்லை.

முதுகலை மாணவி, வியாசர்பாடி: அண்ணல் அம்பேத்கர் 1932-இல் கேட்டு, நமக்குக் கிடைக்காமல் போன தனி வாக்காளர் தொகுதியைத்தான் மாவோரிகள் பெற்றிருக்கிறார்களா?

பெருமளவுக்கு ஆம். ஆனால் அதை அவர்கள் பெற்ற விதம் பெருமைப்படத்தக்கதாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1932 ஆகஸ்டில் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித் தொகுதியில் ஒரு வாக்கும் பொதுத் தொகுதியில் ஒரு வாக்கும் அளித்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்காளர் தொகுதி போய், அதற்கு ஈடாக மாகாணச் சட்டமன்றங்களில் 148 ஒதுக்கப்பட்ட இடங்கள் வந்தன. சென்னை மாகாணத்தின் பங்கு 30. அம்பேத்கரும், அவருடன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற நம் இரட்டைமலை சீனிவாசனும் எழுப்பிய அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: எங்கள் பிரதிநிதியை நாங்கள் தேர்ந்தெடுப்போமா, அல்லது எங்களுள் உங்களுக்குப் பிடித்தவரை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்களா? இக்கேள்வி இன்றும் தீரவில்லை. ஒதுக்கப்பட்ட இடத்தில் வென்றவர், தம் மக்களுக்காகக் குரல் உயர்த்தினால் அடுத்த முறை பெரும்பான்மைச் சாதியின் வாக்கை இழப்போம் என்று அஞ்சுவதை நம் மாவட்டங்களில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் மாவோரி இடங்கள் 1867-இல் ஏற்பட்டன. அக்காலத்தில் தனிச் சொத்து உள்ளவருக்கே வாக்குரிமை இருந்தது. மாவோரிகளின் நிலமோ பெரும்பாலும் குலத்தின் பொதுச் சொத்து. ஆகவே அவர்களில் பெரும்பாலோர் வாக்களிக்க முடியவில்லை. தற்காலிக ஏற்பாடாக நான்கு இடங்கள் ஒதுக்கினார்கள். மக்கள்தொகைப்படி பார்த்தால் அவர்களுக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சேர வேண்டியிருந்தது. தற்காலிகம் நிலைத்துவிட்டது, நான்கு என்ற எண்ணிக்கையும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அசையாமல் நின்றது. 1990-களில் தேர்தல் முறை மாறிய பிறகே அது மக்கள்தொகையோடு இணைக்கப்பட்டு, 2002 முதல் ஏழு இடங்களாக இருக்கிறது. உள்ளாட்சிக்கு இந்த ஏற்பாடு வந்ததோ மிகப் பிந்தி. பே ஆஃப் பிளென்ட்டி வட்டார மன்றம் தனக்கென 2001-இல் ஒரு சிறப்புச் சட்டம் பெற்று, 2004 தேர்தலில் மூன்று மாவோரி உறுப்பினர்களுக்கு இடம் அளித்தது. முன்னோடி அதுதான்.

வழக்கறிஞர், இராயபுரம்: ஒரு நகரின் மன்றம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அந்நகர மக்களே வாக்களித்து முடிவு செய்வதில் என்ன தவறு காண்கிறீர்கள்? வாக்கெடுப்பைக் குறை கூறுவது மக்களைக் குறை கூறுவதாகாதா?

இந்தக் கடிதம் நான்கு பக்கம். வாதத்தின் சாரத்தை மட்டும் அச்சிட்டிருக்கிறோம், ஐயா பொறுத்தருள்க. பதிலும் சற்று நீளும்.

2002-இல் திருத்தப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் சட்டம், எந்த மன்றமும் விரும்பினால் மாவோரி வார்டு அமைக்கலாம் என்றது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. வாக்காளர்களில் 5 சதவீதத்தினர் கையெழுத்திட்டுக் கேட்டால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதன் முடிவு மன்றத்தைக் கட்டுப்படுத்தும். கிராமப்புறத்துக்கென ஒரு வார்டு, ஒரு தனித் தீவுக்கென ஒரு வார்டு என்று மன்றங்கள் எத்தனையோ வார்டுகளை அமைத்தன. அவற்றை மறுத்து மேல்முறையீடு செய்யலாமே தவிர, கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பில் வீழ்த்த முடியாது. வார்டு வகைகளில் மாவோரி வார்டுக்கு மட்டுமே இந்த வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. வழக்கறிஞரான தங்களுக்குச் சமத்துவத்தின் இலக்கணத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லா வார்டுக்கும் வாக்கெடுப்பு என்றால் அது ஒரு கொள்கை; ஒரு மக்களின் வார்டுக்கு மட்டும் வாக்கெடுப்பு என்றால் அதற்கு வேறு பெயர்.

விளைவு எதிர்பார்த்ததே. 2015-இல் நியூ பிளிமத் நகரில் 83 சதவீதத்தினர் எதிர்த்து வாக்களித்தார்கள். 2018-இல் ஐந்து மன்றங்களின் முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 2016-இல் வைரோவா மட்டும் ஆதரித்தது. அங்கே மாவோரிகளே பெரும்பான்மை. இருபது ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய மன்றங்களே இந்த வார்டுகளை அமைத்து நிலைநிறுத்த முடிந்தது. ஒரு சிறுபான்மையின் இருக்கை, அந்த இருக்கை எதற்காகத் தேவைப்பட்டதோ அந்தப் பெரும்பான்மையின் சம்மதத்தைப் பொறுத்ததாக ஆக்கப்படும்போது வேறென்ன நடக்கும்? நம் அரசமைப்பின் 243-D, 243-T பிரிவுகளை வகுத்தவர்கள், ஊராட்சி ஒதுக்கீட்டையும் நகராட்சி ஒதுக்கீட்டையும் ஊர்தோறும் வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் இந்நாட்டில் எத்தனை ஊர்கள் ‘சரி’ என்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2021-இல் அன்றைய உள்ளாட்சி அமைச்சரும் மாவோரியுமான நனாயா மஹுட்டா, வாக்கெடுப்பு நிபந்தனையை நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 2022 தேர்தலில் 35 மன்றங்கள் மாவோரி வார்டுகளோடு வாக்காளர்களைச் சந்தித்தன. 2023-இல் ஆட்சி மாறியது. புதிய கூட்டணி அரசு 2024 ஜூலையில் வாக்கெடுப்பை மீண்டும் கொண்டுவந்து, வாக்கெடுப்பு இல்லாமல் வார்டு அமைத்த மன்றங்கள் அவற்றைக் கலைக்க வேண்டும், இல்லையேல் 2025-இல் மக்களிடம் கேட்க வேண்டும் என்றது. கைப்பாரா, அப்பர் ஹட் ஆகிய இரு மன்றங்கள் தாமே பின்வாங்கின. மற்றவை மக்களிடம் சென்றன.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது இப்பகுதியின் வழக்கமல்ல. மஹுட்டாவின் சட்டம் அவசர நடைமுறையில், சில வாரங்களுக்குள் நிறைவேறியது. இருபது ஆண்டு விவாதித்த விஷயத்தில் மக்களின் கருத்தைக் கேட்க இன்னும் சில மாதங்கள் செலவிட்டிருக்கலாம். 2024-இல் சட்டத்தை மாற்றியவர்களும் அதைத் தேர்தலில் சொல்லி, வென்று, கூட்டணி உடன்பாட்டில் எழுதி வைத்தே செய்தார்கள், திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. தவிர, 2025-இல் தலைநகர் வெல்லிங்டன் உள்ளிட்ட பல இடங்களில் பெரும்பான்மையினரே ‘இந்த வார்டு இருக்கட்டும்’ என்று வாக்களித்தார்கள். 2015-இன் 83 சதவீதத்தை நினைத்தால் இது சிறிய நகர்வன்று. நேரில் ஒரு முறை வேலை செய்து காட்டிய உறுப்பினர்களைப் பார்த்த பிறகு மக்களின் மனம் மாறுகிறது என்றே நாம் இதை வாசிக்கிறோம். ஆனால் அப்படி வேலை செய்து காட்ட, முதலில் அந்த இருக்கை இருந்தாக வேண்டும். ஆகவே தங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: மக்களிடம் கேட்பது தவறில்லை, யாரைப் பற்றிக் கேட்கிறோமோ அவர்களைத் தவிர மற்ற எவருக்கும் அந்தச் சோதனை வைக்காமல் கேட்பதே தவறு.

வாசகி, திருவொற்றியூர்: 2011-இல் எங்கள் நகராட்சியைச் சென்னையோடு இணைத்த பிறகு எங்கள் குரல் ரிப்பன் மாளிகை வரை எட்டுவதில்லை என்பது என் தந்தையாரின் மனக்குறை. நியூசிலாந்தில் இப்படிப்பட்ட இணைப்புகள் நடந்ததுண்டா?

நடந்தது, அதுவும் தங்கள் ஊர் இணைந்ததற்கு ஓராண்டு முன்னர். 2010-இல் ஆக்லாந்தையும் சுற்றியிருந்த மன்றங்களையும், மொத்தம் எட்டை, ஒன்றாக்கி ஒரே பெருநகர மன்றம் அமைத்தார்கள். அதற்கு முன் விசாரித்த அரசு ஆணையம், புதிய மன்றத்தில் மூன்று இடங்கள் மாவோரிகளுக்கு வேண்டும் என்று 2009-இல் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் ஆயிரக்கணக்கானோர் ஆக்லாந்தின் தெருக்களில் பேரணியாகச் சென்றும் பயனில்லை. மன்றத்துக்கு ஆலோசனை கூறும் சட்டபூர்வமான மாவோரி வாரியம் ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். அவ்வாரியத்தின் பிரதிநிதிகள் மன்றத்தின் சில குழுக்களில் வாக்களிக்கலாம். மன்றத்தின் முழுக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

இணைப்பால் சாலையும் குடிநீரும் மேம்படலாம். ஆனால் 155 வார்டுகளாக இருந்த பழைய சென்னை 107 ஆகச் சுருங்கி, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 என்று பிரித்த அந்நாளில், திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் தத்தம் நகராட்சித் தலைவரை இழந்தன என்பதும் உண்மையே. தந்தையாரிடம் எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மீன்பிடித் தொழிலாளி, காசிமேடு: ஒன்றோ இரண்டோ உறுப்பினர் உட்கார்ந்து என்ன சாதித்துவிட முடியும்? கடற்கரை மக்களான எங்களுக்கும் இப்படித் தனி வார்டு கேட்கலாமா?

நியூசிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் கழிவுநீரை எந்த ஆற்றில், எந்தக் கடலோரத்தில் விடுவது, எந்த நிலத்தில் எதைக் கட்ட அனுமதிப்பது என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கின்றன. மாவோரிகளுக்கு ஆறும் கடலும் மூதாதையரோடு தொடர்புடையவை. அவர்கள் சிப்பி பொறுக்கும் கரையில் சாக்கடைக் குழாயை நீட்டும் தீர்மானம், அவர்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் எடுக்கப்பட்ட காலம் நீண்டது. ராக்லன் என்ற கடலோர ஊரில் இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுதளத்துக்கென்று எடுத்த மாவோரி நிலம், போர் முடிந்தபின் உரியவர்களுக்குத் திரும்பாமல் கோல்ஃப் மைதானமாயிற்று. அடக்கத்தலங்கள் இருந்த நிலம் அது. 1978-இல் ஈவா ரிக்கார்ட் என்ற பெண்மணியின் தலைமையில் அங்கே போராடிக் கைதானார்கள். அதன் பிறகே நிலம் மீண்டது. மன்றத்தில் ஒரு குரல் இருந்தால் வாக்கெடுப்பில் தோற்கலாம். ஆனால் ‘அங்கே எங்கள் அடக்கத்தலம் இருக்கிறது’ என்ற வாக்கியம் குறிப்பேட்டில் ஏறும். அதை மறுப்பவர் தம் பெயரோடு மறுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு: நம் சட்டத்தில் உள்ளாட்சி ஒதுக்கீடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கே நடைமுறையில் இருக்கிறது, தொழில்வழிச் சமூகத்துக்கு இல்லை. எனினும் கடலோரக் குப்பங்கள் நெருக்கமாக அமைந்தவை. வார்டு எல்லை வரையும்போது ஒரே குப்பத்தை இரண்டு மூன்று வார்டுகளுக்குக் கூறு போடாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் பிரதிநிதித்துவம் வந்துவிடும். எல்லை வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்கக் காலக்கெடு தருவார்கள். அப்போது சங்கத்தின் சார்பில் எழுத்தில் கொடுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது தாங்கள் கண்டதுபோல, துறைமுகமும் ஆலைகளும் மாநகராட்சியின் கைக்குள் இல்லை. கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது வேறு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்க வேண்டியது வேறு.

இளைஞர், கொருக்குப்பேட்டை: பொறுப்பான அரசியல் தலைமை என்கிறார்களே, இந்த விஷயத்தில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

இரண்டு தருகிறோம், ஒன்று அங்கிருந்து, ஒன்று இங்கிருந்து.

நியூ பிளிமத் நகர மேயராக 2013-இல் தேர்வானவர் ஆண்ட்ரூ ஜட். வெள்ளையர், மாவோரிகளின் வரலாறு பற்றி அதுவரை தமக்கு ஒன்றும் தெரியாது என்றும், தம்மிடமே இனவெறுப்பு ஊறியிருந்தது என்றும் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர். பதவிக்கு வந்தபின் படித்தார், கேட்டார், மாவோரி வார்டு வேண்டும் என்று 2014-இல் மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்ற முன்னின்றார். ஊர் திரும்பி நின்றது. பொது இடத்தில் தம்மீது எச்சில் உமிழப்பட்டதை அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். வாக்கெடுப்பில் தோற்றார், 2016-இல் மீண்டும் போட்டியிடவில்லை. போவதற்கு முன் தம் நகரிலிருந்து பரிஹாக்கா வரை அமைதி நடைப்பயணம் ஒன்றை நடத்தினார். 1881-இல், ஆயுதம் ஏந்தாமல் நிலத்தை உழுதே எதிர்ப்புத் தெரிவித்த அந்தக் கிராமத்தை அரசுப் படை புகுந்து கலைத்தது. தண்டி யாத்திரைக்கு அரை நூற்றாண்டு முந்திய கதை அது. ஜட் தோற்ற வாக்கெடுப்பே, அந்தச் சட்ட நிபந்தனை எவ்வளவு ஒருதலைப்பட்சமானது என்பதை நாடு முழுவதும் பேச வைத்தது.

நம் எடுத்துக்காட்டு மதுரைப் பக்கம். ஒதுக்கீட்டுச் சட்டம் வந்த பிறகு, 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே நடக்க விடவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே விலகும்படி ஏற்பாடு செய்தார்கள். சட்டம் இருந்தது, ஒதுக்கீடு இருந்தது, தலைவர்தான் இல்லை. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மைச் சாதியின் வாக்கை இழக்க மனமில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 2006-இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று பேசினார். அரசும் அவருக்குப் பின்னால் நின்றது. தேர்தல் நடந்தது, வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். பத்தாண்டு முடியாதது ஓராண்டுக்குள் முடிந்தது என்றால், இடையில் மாறியது சட்டமன்று.

இவ்விரண்டிலும் ஓர் ஒற்றுமை: தங்களுக்கு வாக்களித்தவர்கள் கேட்க விரும்பாததை அவர்களிடமே போய்ச் சொல்ல ஆள் இருந்தது. ஜட்டுக்கு அதன் விலை பதவி. நம் ஊரில் அந்த விலையைக் கொடுக்க அரசியல்வாதிக்கு முன்பாக அதிகாரி வந்தார் என்பது நமக்குச் சற்று உறுத்தலாக இருக்க வேண்டும்.

இல்லத்தரசி, பெரம்பூர்: பெண்கள் வார்டில் வென்றவரின் கணவர் கூட்டத்தில் பேசுகிறார், கோப்பைப் பார்க்கிறார். பிறகு ஒதுக்கீடு எதற்கு?

கணவரை வெளியே அனுப்புவதற்கு, ஒதுக்கீட்டை நீக்குவதற்கன்று. சென்னை மாநகராட்சியின் வரலாற்றில் தாரா செரியன் 1957-இல் முதல் பெண் மேயரானார். முதல் பட்டியல் சாதி மேயர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1937-இல். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர, மேயர் பதவியே ஒதுக்கப்பட்ட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கள் அண்டைப் பகுதியான திரு.வி.க. நகரிலிருந்து ஆர். பிரியா வந்தார்.

கல்லூரி விரிவுரையாளர், மாதவரம்: வாக்கெடுப்பில் தோற்ற மாவோரி வார்டுகள் உடனே கலைந்துவிட்டனவா?

இல்லை. 2025-இல் தேர்வான உறுப்பினர்கள் தம் மூன்றாண்டுக் காலத்தை முழுமையாக வகிப்பார்கள். வாக்கெடுப்பின் முடிவு 2028, 2031 ஆகிய இரண்டு தேர்தல்களுக்குப் பொருந்தும். அதன் பிறகு மன்றங்கள் மீண்டும் தீர்மானம் போடலாம்; மீண்டும் 5 சதவீதக் கையெழுத்தும் வரலாம். எது எப்படியாயினும் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்துவிடும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சென்னையில் 1973 முதல் 1996 வரையும், பிறகு 2016 முதல் 2022 வரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. ஒதுக்கப்பட்ட இடமும் இல்லை, ஒதுக்கப்படாத இடமும் இல்லை. இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த தேர்தல் அறிவிப்பு எப்போது என்ற கேள்வியை, வார்டு எது யாருக்கு என்ற கேள்விக்கு முன்பாகவே உங்கள் கவுன்சிலரிடம் கேட்டு வையுங்கள்.